மெக்சிகோ கடவுச்சீட்டில் வெளிநாட்டுப் பயணம்: விசா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோ குடிமக்கள் வெளிநாடு செல்லும்போது பொருந்தும் விசா விதிகள் இங்கே கேள்வி பதிலாகத் தரப்படுகின்றன. மெக்சிகோவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள், அங்கே பிறந்த அவர்களின் குழந்தைகள், மெக்சிகோ குடியுரிமை பெற்றவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட பக்கம் இது. இதில் உள்ள விதிகளும் கட்டணங்களும் 2025ஆம் ஆண்டின் இறுதி நிலவரப்படியானவை. பயணச்சீட்டுக்குப் பணம் கட்டும் முன், செல்லவிருக்கும் நாட்டின் தூதரக இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மெக்சிகோ கடவுச்சீட்டு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பெரும்பாலோர் நினைப்பதைவிட அதிக தூரம். தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பாவின் 29 ஷெங்கன் நாடுகள், பிரிட்டன், அயர்லாந்து, ஜப்பான், தென்கொரியா, லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதி ஆகிய இடங்களுக்குச் சுற்றுலா செல்ல மெக்சிகர்களுக்கு முன்கூட்டிய விசா வேண்டியதில்லை. ஆனால் எல்லையை ஒட்டிய அமெரிக்காவுக்கும், வர்த்தக ஒப்பந்தத்தில் கூட்டாளியான கனடாவுக்கும் விசா வேண்டும். டோக்கியோவுக்கு எளிதாகப் போகிறவர், வேலிக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் சான் டியேகோவுக்குப் போக நேர்காணலுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. இதனால் ஒரு மெக்சிகரின் பயண வசதி அவருடைய கடவுச்சீட்டைப் பொறுத்தது என்பதைவிட, அதற்குள் அமெரிக்க விசா ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்றே சொல்லலாம். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரே இடத்துக்குத் திரும்பி வருவதைக் காண்பீர்கள்.

அமெரிக்காவுக்குச் சுற்றுலா செல்ல என்ன விசா வேண்டும்? எப்படி விண்ணப்பிப்பது?

அமெரிக்காவின் விசா விலக்குத் திட்டத்தில் மெக்சிகோ இல்லை. சுற்றுலா, உறவினர் சந்திப்பு, குறுகிய தொழில் பயணம் ஆகியவற்றுக்குப் பி1/பி2 விசா வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் முதல் 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பக் கிடைக்காது. டிஎஸ்-160 என்ற இணையப் படிவத்தை நிரப்பிய பிறகு இரண்டு சந்திப்புகள் உண்டு. விண்ணப்பதாரர் சேவை மையத்தில் புகைப்படமும் கைரேகையும் எடுத்துக்கொள்வது முதலாவது. தூதரகத்தில் நேர்காணல் இரண்டாவது. மெக்சிகோ நகரத்தில் உள்ள தூதரகம் தவிர, தீஹுவானா, மொந்தெர்ரேய், குவாதலஹாரா, சியுதாத் ஹுவாரேஸ், மெரிதா உள்ளிட்ட ஒன்பது நகரங்களில் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. சந்திப்புத் தேதிக்கான காத்திருப்பு நகரத்துக்கு நகரம் பெரிதும் மாறுவதால், சொந்த ஊருக்கு அருகில் உள்ள அலுவலகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் மற்ற நகரங்களையும் பார்ப்பது பலன் தரும்.

மறுப்புக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு. விண்ணப்பதாரர் அமெரிக்காவிலேயே தங்கிவிடும் எண்ணத்துடன் வருகிறார் என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்கிறது; அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. நிலையான வேலை, நடந்துகொண்டிருக்கும் படிப்பு, சொந்தத் தொழில், மெக்சிகோவில் இருக்கும் குடும்பம் ஆகியவை இங்கே எடைபோடப்படுகின்றன. தரகர்கள் தயாரித்துத் தரும் அழகான ஆவணக் கோப்புகளைப் பல நேரங்களில் அதிகாரி திறந்துகூடப் பார்ப்பதில்லை. படிவத்தில் எழுதியதும் வாயால் சொல்வதும் ஒத்துப்போவதுதான் முக்கியம்.

எல்லை நகரங்களில் வசிப்பவர்கள் வைத்திருக்கும் லேசர் அட்டை என்பது என்ன?

மெக்சிகோவில் வசிக்கும் மெக்சிகோ குடிமக்களுக்கு மட்டுமே வழங்கப்படும் எல்லை கடக்கும் அட்டை அது. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டுகள் செல்லும். பி1/பி2 விசாவின் பயனும் அதிலேயே அடங்கியிருக்கிறது. இந்த அட்டையை மட்டும் காட்டி நிலவழியே நுழைகிறவர், எல்லையை ஒட்டிய வட்டாரத்துக்குள் 30 நாட்கள் வரை தங்கலாம். அந்த வட்டாரத்தின் அகலம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் 25 மைல், நியூ மெக்சிகோவில் 55 மைல், அரிசோனாவில் 75 மைல். அதற்கு அப்பால் செல்லவோ, 30 நாட்களுக்கு மேல் தங்கவோ விரும்பினால் எல்லைச் சாவடியிலேயே ஐ-94 என்ற நுழைவுப் பதிவைக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். எல் பாசோவில் பொருள் வாங்கப் போனவர் அங்கிருந்து டல்லாஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினால், இந்தப் பதிவு இல்லாத பட்சத்தில் அது விதிமீறல் ஆகும்.

பெற்றோரில் ஒருவரிடம் இந்த அட்டை இருந்தால், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 15 டாலர் கட்டணத்தில் அட்டை கிடைக்கும். ஆனால் பிள்ளைக்கு 15 வயது நிறையும் நாளில் அது காலாவதியாகிவிடும்.

அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும் விசா வேண்டுமா?

வேண்டும். விசா இல்லாமல் விமானம் மாறிச் செல்ல அனுமதித்த ஏற்பாட்டை அமெரிக்கா 2003 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு மணி நேரம் காத்திருந்து ஆசியாவுக்குப் பறக்க வேண்டியவரும் அங்கே குடிவரவுச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும். அதற்கு பி1/பி2 விசா அல்லது வழியில் விமானம் மாறுவோருக்கான சி1 விசா தேவை. மலிவான பயணச்சீட்டு என்று பார்த்து ஹூஸ்டன் வழியாகவோ டல்லாஸ் வழியாகவோ பதிவு செய்துவிட்டு, புறப்படும் நாளில் விமான நிறுவனத்தின் மேசையில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு.

அமெரிக்க விசா இல்லாதவர்கள் மெக்சிகோ நகரத்திலிருந்து நேராகப் பறக்கும் வழிகளைத் தேட வேண்டும். டோக்கியோவின் நரீதா, மாட்ரிட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ஃபிராங்க்ஃபர்ட் ஆகியவற்றுக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன. இந்தியாவுக்கு வருகிறவர்களுக்கு, பார்சிலோனாவில் நின்று துபாய் செல்லும் எமிரேட்ஸ் விமானம் அமெரிக்க மண்ணைத் தொடாத நல்ல வழி.

அமெரிக்காவில் வேலை செய்வதற்கான டிஎன் விசா கனடியர்களுக்கும் மெக்சிகர்களுக்கும் ஒன்றுதானா?

தகுதி ஒன்று, நடைமுறை வேறு. 1994இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் உருவான இந்த ஏற்பாடு, 2020 ஜூலை 1 முதல் அதன் இடத்தைப் பிடித்த புதிய ஒப்பந்தத்திலும் தொடர்கிறது. பொறியாளர், கணக்காளர், விஞ்ஞானி போன்ற குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர் ஒரு தடவைக்கு மூன்று ஆண்டுகள் வரை அமெரிக்காவில் வேலை செய்யலாம். கனடியர் வேலைக் கடிதத்துடன் எல்லைக்கே சென்று அனுமதி பெற்றுவிடலாம். மெக்சிகர் முன்பே தூதரகத்தில் விசா வாங்கியாக வேண்டும். ஒப்பந்தம் மூவருக்கும் பொது என்றாலும் கதவு இருவருக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை.

கனடாவுக்கு முன்பு விசா இல்லாமல் போனார்களே, அது ஏன் மாறியது?

ஒரு முறையல்ல, பல முறை மாறியது. மெக்சிகர்களின் புகலிடக் கோரிக்கைகள் பெருகியதைக் காரணம் காட்டி 2009 ஜூலையில் கனடா விசாவைக் கட்டாயமாக்கியது. 2016 டிசம்பர் 1 அன்று அது விலக்கப்பட்டு, இடிஏ எனப்படும் மின்னணுப் பயண அனுமதி போதும் என்ற நிலை வந்தது. 2023இல் கனடாவுக்கு வந்த மொத்தப் புகலிடக் கோரிக்கைகளில் 17 சதவீதம் மெக்சிகர்களுடையவை என்றும், அவர்களின் கோரிக்கைகளில் சுமார் 60 சதவீதம் நிராகரிக்கப்பட்டன, திரும்பப் பெறப்பட்டன அல்லது கைவிடப்பட்டன என்றும் கனடா அரசு கூறியது. அதையடுத்து 2024 பிப்ரவரி 29 இரவு முதல் விசா திரும்ப வந்தது. வேலை அனுமதியோ படிப்பு அனுமதியோ உள்ளவர்களுடையவை தவிர, அதற்கு முன் வழங்கப்பட்ட மின்னணு அனுமதிகள் அனைத்தும் அந்த இரவோடு செல்லாதவையாயின. இத்தனைக்குப் பிறகும் மெக்சிகோ கனடியச் சுற்றுலாப் பயணிகளிடம் விசா கேட்கத் தொடங்கவில்லை. கான்கூன் கடற்கரை விடுதிகளின் குளிர்கால வருமானத்தை நினைத்தால் அதற்கான காரணம் விளங்கும்.

இப்போது யாருக்கு மின்னணு அனுமதி போதும், யாருக்கு விசா வேண்டும்?

செல்லுபடியாகும் அமெரிக்கக் குடியேற்றமல்லா விசா வைத்திருப்பவரும், கடந்த பத்து ஆண்டுகளுக்குள் கனடிய விசா பெற்றிருந்தவரும் விமானத்தில் சென்றால் 7 கனடிய டாலர் கட்டி மின்னணு அனுமதி பெறலாம். மற்ற அனைவரும் வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 100 கனடிய டாலர் கட்டணம். கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் தனியாக 85 டாலர். இந்தச் சலுகை விமானப் பயணத்துக்கு மட்டுமே உரியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க விசாவுடன் சியாட்டில் வரை போய், அங்கிருந்து காரில் வான்கூவர் செல்ல நினைப்பவருக்குக் கனடிய விசா தேவை. கனடாவில் விமானம் மாறுகிறவர்களுக்கும் விசாவோ மின்னணு அனுமதியோ இருக்க வேண்டும்.

2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கான நுழைவுச்சீட்டு இருந்தால் விசா வேண்டாமா?

வேண்டும். ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை மெக்சிகோ, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தும் போட்டி என்றாலும், ஆட்ட நுழைவுச்சீட்டு எந்த நாட்டின் எல்லையையும் திறக்காது. முதல் ஆட்டத்தை அஸ்தெகா அரங்கத்தில் பார்த்துவிட்டுத் தன் அணியைப் பின்தொடர்ந்து வடக்கே செல்ல விரும்பும் ரசிகர் வழக்கமான விசாவைத்தான் பெற வேண்டும்.

ஐரோப்பாவில் எத்தனை நாட்கள் தங்கலாம்? 90/180 கணக்கை எப்படிப் போடுவது?

எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்கள் வரை. ஒரு நாட்டுக்கு 90 நாட்கள் என்பதல்ல. 29 நாடுகளுக்கும் சேர்த்து 90 நாட்கள். மார்ச் 1 அன்று மாட்ரிட்டில் இறங்கி மே 29 வரை இருந்தவருக்கு 90 நாட்களும் தீர்ந்துவிடும். அதன்பின் ஆகஸ்ட் 28 அன்றுதான் அவர் மீண்டும் நுழைய முடியும். ஏனெனில் அந்த நாளிலிருந்து பின்னோக்கி 180 நாட்களை எண்ணினால் மார்ச் 1 கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. இடையில் இரண்டு நாள் லண்டனுக்கோ மொராக்கோவுக்கோ போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு.

முன்பு முத்திரைகளை எண்ணுவதில் அதிகாரியும் தடுமாறுவது உண்டு. 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையில் முகப்படமும் கைரேகையும் பதியப்பட்டு நாட்களைக் கணினியே எண்ணுகிறது. 2026 ஏப்ரல் 10க்குள் இது எல்லா எல்லைச் சாவடிகளிலும் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம். அதற்கு அடுத்து வருவது எட்டியாஸ் என்ற பயண முன்அனுமதி. 2026இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கும் இதற்குக் கட்டணம் 20 யூரோ. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் கட்டணம் இல்லை. இது விசா அல்ல என்பதால், இது தொடங்கிய பிறகும் மெக்சிகர்கள் விசா வேண்டாதவர்களாகவே இருப்பார்கள்.

விசா வேண்டாம் என்றால் விமான நிலையத்தில் ஏன் சிலரைத் திருப்பி அனுப்புகிறார்கள்?

விசா விலக்கு என்பது நுழையும் உரிமை அல்ல. தூதரகத்தில் நடக்க வேண்டிய விசாரணை எல்லையில் நடக்கிறது, அவ்வளவே. ஸ்பெயினைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடப் பதிவு, பணம் கையில் இருப்பதற்கான சான்று ஆகியவற்றை மாட்ரிட்டில் அதிகாரி கேட்கலாம். பணத்தின் அளவு அந்நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது: ஒரு நாளுக்கு அதன் பத்தில் ஒரு பங்கு, எத்தனை குறைவான நாட்கள் என்றாலும் மொத்தமாக அதன் 90 சதவீதம். 2025இல் இது நாளுக்கு சுமார் 118 யூரோ, குறைந்தபட்சம் சுமார் 1,066 யூரோ. விடுதியில் தங்காமல் உறவினர் அல்லது நண்பர் வீட்டில் தங்குகிறவரிடம், அந்த வீட்டுக்காரர் ஸ்பெயினின் தேசியக் காவல்துறையிடம் விண்ணப்பித்துப் பெற்ற அழைப்புக் கடிதம் கேட்கப்படலாம். நண்பர் மின்னஞ்சலில் எழுதி அனுப்பிய அன்பான அழைப்பு இதற்கு ஈடாகாது.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இதே விதிகள்தானா?

இல்லை, இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே உள்ளவை. பிரிட்டனில் ஆறு மாதம் வரை விசா இல்லாமல் இருக்கலாம். ஆனால் 2025 ஜனவரி 8 முதல் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். தொடக்கத்தில் 10 பவுண்டாக இருந்த கட்டணம் 2025 ஏப்ரலில் 16 பவுண்டானது. அனுமதி இரண்டு ஆண்டுகள் செல்லும். அயர்லாந்தில் 90 நாட்கள். டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி எதுவும் இல்லாவிட்டாலும், வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது என்பதால் அங்கே செல்லப் பிரிட்டனின் அனுமதி வேண்டும்.

லத்தீன் அமெரிக்காவில் எங்கும் விசா வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். சிலி, கொலம்பியா, பெரு ஆகியவற்றுடன் மெக்சிகோ பசிபிக் கூட்டணியில் இருக்கிறது. அந்த நெருக்கத்தால் 2012 நவம்பரில் மெக்சிகோ கொலம்பியர்களுக்கும் பெருவியர்களுக்கும் விசாவை நீக்கியது. ஆனால் அமெரிக்கா நோக்கிய குடியேற்றத்தைத் தடுக்கும் அழுத்தம் அந்த ஏற்பாட்டைக் குலைத்துவிட்டது. 2024 ஏப்ரலில் மெக்சிகோ பெருவியர்களுக்கு விசாவைத் திரும்பக் கொண்டுவந்தது. பதிலுக்குப் பெருவும் மெக்சிகர்களிடம் விசா கேட்கப்போவதாக அறிவித்தது. மச்சு பிச்சுவுக்கு வரும் மெக்சிகோப் பயணிகளை இழக்க நேரும் என்று சுற்றுலாத் துறையினர் எச்சரித்ததும், நடைமுறைக்கு வரும் முன்பே அறிவிப்பைப் பின்வாங்கியது. பதிலுக்குப் பதில் என்ற கொள்கை காகிதத்தில் நேர்மையாகத் தெரிந்தாலும், வருமானம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே கடைசியில் முடிவு செய்கிறது. கியூபாவுக்கு முன்பு விற்கப்பட்ட சுற்றுலா அட்டைக்குப் பதிலாக 2025 முதல் மின்னணு விசா வந்திருக்கிறது.

ஆசிய நாடுகளில் நிலைமை என்ன?

ஜப்பான் மிகவும் தாராளம். 90 நாட்களுக்கு விசா வேண்டாம். இரு நாட்டு ஏற்பாட்டின்படி, அங்கே போன பிறகு விண்ணப்பித்து ஆறு மாதம் வரை நீட்டிக்கும் வசதியும் மெக்சிகர்களுக்கு உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 180 நாட்கள் வரை அனுமதிப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தென்கொரியாவுக்கு 90 நாட்கள் விசா வேண்டாம். வியட்நாம் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்டினருக்கும் 90 நாள் மின்னணு விசா வழங்குகிறது.

சீனாவுக்கு விசா வேண்டும். 2025 ஜூன் 1 அன்று பிரேசில், அர்ஜென்டினா, சிலி, பெரு, உருகுவே ஆகிய ஐந்து நாடுகளுக்கு விசா விலக்கு அளித்த சீனா, மெக்சிகோவை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் மூன்றாவது நாடு ஒன்றுக்குச் செல்லும் வழியில் 240 மணி நேரம் வரை விசா இல்லாமல் தங்கும் வசதி மெக்சிகர்களுக்கு இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து ஷாங்காய், அங்கிருந்து டோக்கியோ என்று பயணத்தை அமைத்தால் இது பயன்படும். ஷாங்காய் போய் நேரே மெக்சிகோ திரும்புகிறவருக்குப் பயன்படாது.

இந்தியாவுக்கு வர மெக்சிகர் என்ன செய்ய வேண்டும்?

மின்னணு விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என மூன்று வகைச் சுற்றுலா விசாக்கள் உள்ளன. தமிழ்நாட்டுக்கு நேராக வருகிறவர்கள் சென்னை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி விமான நிலையங்களில் இந்த விசாவுடன் இறங்கலாம். இந்திய அரசின் இணையதளத்தைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் கட்டணம் பறிக்கும் தனியார் தளங்கள் தேடலில் முன்னே வந்து நிற்கின்றன. முகவரியின் இறுதியில் அரசுக்குரிய குறியீடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அட்டை எண்ணைத் தர வேண்டும்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒரே மாதிரியா?

இல்லை. நியூசிலாந்துக்கு மூன்று மாதம் வரை விசா வேண்டாம். மின்னணுப் பயண அனுமதியும், 2024 அக்டோபர் முதல் 100 நியூசிலாந்து டாலராக உயர்ந்த பயணிகள் வரியும் மட்டுமே. ஆஸ்திரேலியாவுக்கு 600 என்ற எண் கொண்ட வருகையாளர் விசாவை முறையாக விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் எந்தக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும்?

1998 மார்ச் 20 முதல், பிறப்பால் மெக்சிகரானவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றாலும் மெக்சிகோ குடியுரிமையை இழப்பதில்லை. ஆனால் மெக்சிகோவிலிருந்து வெளியேறும்போதும் அதற்குள் நுழையும்போதும் விதிவிலக்கின்றி மெக்சிகராகவே தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று குடியுரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. மறுமுனையில் எது வசதியோ அதைக் காட்டலாம். ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் பின் மெக்சிகோவில் தஞ்சம் புகுந்த ஸ்பானியர்களின் வழித்தோன்றல்கள் பலர் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஸ்பெயின் குடியுரிமை கோரினர். அதற்கான காலக்கெடு 2025 அக்டோபரில் முடிந்தது. ஸ்பெயின் கடவுச்சீட்டு கிடைத்தவருக்கு அமெரிக்கா செல்ல விசா தேவையில்லை, விசா விலக்குத் திட்டத்தின் இணையவழி முன்அனுமதியான எஸ்டாவே போதும். ஆனால் 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபா போய்வந்தவர் எஸ்டாவைப் பயன்படுத்த முடியாது. ஹவானாவில் ஒரு வாரம் விடுமுறை கழித்தவர் மீண்டும் தூதரக வரிசைக்கே வர வேண்டும்.

விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர்களின் நிலை வேறு. அவர்கள் வேறு நாட்டுக் கடவுச்சீட்டைப் பயன்படுத்தினாலோ, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வெளிநாட்டில் வசித்தாலோ மெக்சிகோ குடியுரிமையை இழக்கக்கூடும்.

மெக்சிகோவில் பிறந்த தமிழ்க் குழந்தைக்கு எந்தக் கடவுச்சீட்டு எடுப்பது?

மெக்சிகோ மண்ணில் பிறக்கும் குழந்தை, பெற்றோர் எந்த நாட்டவர் ஆனாலும், பிறப்பாலேயே மெக்சிகோ குடியுரிமை பெறுகிறது. இந்தியப் பெற்றோர் அக்குழந்தையை இந்தியத் தூதரகத்தில் இந்தியக் குடிமகனாகப் பதிய விரும்பினால், குழந்தையிடம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். மறுபுறம், மேலே சொன்ன 12ஆம் பிரிவின்படி அதே குழந்தை மெக்சிகோவிலிருந்து மெக்சிகராக வெளியேற வேண்டும். இரண்டு சட்டங்களும் தத்தம் வழியில் தெளிவானவை. நடுவில் மாட்டிக்கொள்வது கைக்குழந்தையுடன் விமான நிலையத்தில் நிற்கும் பெற்றோர். இன்னும் பல ஆண்டுகள் மெக்சிகோவில் இருக்கப்போகிறவர்களுக்கு, மெக்சிகோ கடவுச்சீட்டு எடுத்து, இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்கள் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் ஓசிஐ அட்டை பெறுவதே சிக்கல் குறைந்த வழி என்பது என் கருத்து. விரைவில் ஊர் திரும்புகிறவர்கள் முதல் பயணத்துக்கு முன்பே இந்தியத் தூதரகத்திடமும் மெக்சிகோ குடிவரவு நிறுவனத்திடமும் எழுத்துமூலம் விளக்கம் பெற்றுக்கொள்வது நல்லது. மெக்சிகோவில் பிறந்த பிள்ளை உள்ள பெற்றோர், வழக்கமான ஐந்து ஆண்டுகளுக்குப் பதிலாக இரண்டு ஆண்டு வசிப்புக்குப் பின்னரே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அப்படிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை தானாகவே நீங்கிவிடும்.

கடவுச்சீட்டு இன்னும் எத்தனை மாதம் செல்லுபடியாக வேண்டும்?

நாட்டுக்கு நாடு வேறு. ஷெங்கன் நாடுகளில், வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மீதமிருக்க வேண்டும். கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவுடன் உள்ள ஏற்பாட்டின்படி, மெக்சிகர் அங்கே தங்கும் காலம் வரை கடவுச்சீட்டு செல்லுபடியானால் போதும். ஆசிய நாடுகள் பல ஆறு மாதம் கேட்கின்றன. பெரியவர்கள் மூன்று, ஆறு, பத்து ஆண்டுக் கடவுச்சீட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2021 அக்டோபர் முதல் சில்லு பதித்த மின்னணுக் கடவுச்சீட்டு வழங்கப்படுகிறது.

பிள்ளைகள் தனியே வெளிநாடு செல்ல மெக்சிகோ அரசின் அனுமதி வேண்டுமா?

18 வயதுக்குட்பட்டவர் தனியாகவோ, பெற்றோர் அல்லாத பெரியவர் ஒருவருடனோ மெக்சிகோவை விட்டு வெளியேறினால் வேண்டும். 2014 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சாம் என்ற படிவத்தைக் குடிவரவு நிறுவனத்தின் இணையதளத்தில் நிரப்பி, அந்த நிறுவனத்தின் ஒப்புதல் பெற்று எடுத்துச் செல்ல வேண்டும். நோட்டரி முன் பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிப் பத்திரமும் ஏற்கப்படும். தாய் அல்லது தந்தை, இருவரில் ஒருவர் உடன் வந்தாலும் மெக்சிகோ தரப்பில் இந்தப் படிவம் தேவையில்லை. ஆனால் சென்றிறங்கும் நாட்டின் அதிகாரி, உடன் வராத மற்றவரின் சம்மதக் கடிதத்தைக் கேட்கலாம். கனடாவுக்குச் செல்கிறவர்கள் அதைத் தவறாமல் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதி எடுத்துச் செல்ல வேண்டும்.